பாட்டு போட்டுப் பார்க்க எந்தக் கருவி? டிசைன் நல்லதா என்று எதை வைத்துச் சொல்வது?

தறிப்பாட்டு (குடியாத்தம்)

எல்லோருக்கும் வணக்கம். பொழுதுபோக்காகப் பாட்டு போட்டுப் பார்க்க ஒரு கருவி வாங்க வேண்டும். 25,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். முறையாகச் சங்கீதம் படித்தவன் இல்லை. கீபோர்டு கொஞ்சம் தெரியும். பம்பை அடிக்கிற குடும்பம் என்பதால் தாளம் தெரியும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் அடிக்கிற பம்பை, உடுக்கை, கைச்சிலம்பு இதையெல்லாம் பதிவு செய்து, அதன்மேல் ஒரு பேஸ் (அடியில் ஓடுகிற கனமான சத்தம்), ஒரு மெலடி வைத்துப் பார்க்க ரொம்ப நாள் ஆசை. லேப்டாப் வேண்டாம். வேலை முடிந்து வந்து மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்கிற மாதிரி இருக்க வேண்டும்.

இரண்டு கருவிகள் மனதில் இருக்கின்றன. ஒன்று, ஓரம் வளைந்த திரையும் கண்ணாடிப் பின்பக்கமும் உள்ள புது ஆண்ட்ராய்டு போன். இன்னொன்று, செகண்ட் ஹேண்டில் வருகிற ஐபேட் 9ஆம் தலைமுறை. கடையில் எல்லோரும் போனைக் காட்டித்தான் "டிசைன் சூப்பர்" என்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தால் எனக்கும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு போடுகிறவனுக்கு டிசைன் நன்றாக இருக்கிறதா என்று எதைப் பார்த்துச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காட்பாடி கீபோர்டு

தம்பி, முதலில் பார்க்க வேண்டியது விரல் பட்டதற்கும் சத்தம் வருவதற்கும் நடுவில் உள்ள தாமதம். லேட்டன்சி என்பார்கள். பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் இது ஒரு பொருட்டே இல்லை. வாசிக்க உட்கார்ந்தால் இதுதான் எல்லாம். நான் ஞாயிறு ஆராதனைக்குக் கீபோர்டு வாசிப்பவன். சத்தம் ஒரு துளி பிந்தினாலும் கை தன்னால் தயங்க ஆரம்பித்துவிடும்.

போனுக்குள் சத்தம் கட்டுக்கட்டாகத்தான் தயாராகிறது. நொடிக்கு 48,000 சாம்பிள் (ஒலியின் ஒரு துளி அளவீடு) ஓடுகிற கருவியில், ஒரு கட்டுக்கு 256 சாம்பிள் என்றால் அது 5.3 மில்லிசெகண்டு. அப்படி இரண்டு மூன்று கட்டுகள் வரிசையில் நிற்கும். அதற்கு முன்னால் திரை உங்கள் விரலைக் கண்டுகொள்கிற நேரம் இருக்கிறது. பின்னால் எண்ணாக இருக்கிற சத்தத்தை மின்சாரமாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிற நேரம். எல்லாம் சேர்ந்து 20, 30 மில்லிசெகண்டில் நின்றால் கை பழகிக்கொள்ளும். 50ஐத் தாண்டினால் தாளம் இழுக்கும். நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகும். அப்படியானால் 100 மில்லிசெகண்டு தாமதம் என்பது 35 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டு வாசிப்பது. பம்பைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது எவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆப்பிள் 2011ல் ஐபேடுக்கு கேரேஜ்பேண்ட் என்ற பாட்டு போடுகிற ஆப்பைக் கொண்டுவந்தபோதே வாசிக்கக்கூடிய அளவில் தாமதம் இருந்தது. அன்றைக்கு அது காசு கொடுத்து வாங்குகிற ஆப். 2017லிருந்து எல்லோருக்கும் இலவசம். 32 டிராக் வரை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக 32 தனித்தனிப் பதிவு வரை போகலாம். ஆரம்பிக்கிறவருக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

அப்புறம், ப்ளூடூத் இயர்பட்ஸை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம். 100, 200 மில்லிசெகண்டு அதிலேயே போய்விடும். வயர் உள்ள இயர்போன்தான். ஆகவே ஹெட்போன் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதும் டிசைன் பார்ப்பதில் சேர்த்தி. ஐபேட் 9ல் அது இருக்கிறது. 2022ல் வந்த 10ஆம் தலைமுறையில் எடுத்துவிட்டார்கள்.

ஆற்காட்டுக்காரன்

கீபோர்டு அண்ணன் லேட்டன்சி பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஆண்ட்ராய்டு என்றாலே ஆகாது என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 2017ல் ஆண்ட்ராய்டு 8 வந்தபோது ஒலிக்கென்று குறுக்கு வழி ஒன்றைப் போட்டார்கள். ஏ-ஆடியோ என்று பெயர். அடுத்த வருடம், ஆப் எழுதுகிறவர்களுக்காக ஓபோ என்ற நூலகத்தையும் கூகுள் கொடுத்தது. பரவலாக விற்கும் போன்களில் மைக்கில் உள்ளே போய் ஸ்பீக்கரில் வெளியே வர ஆகிற நேரம் 2017ல் சராசரி 109 மில்லிசெகண்டு, 2021ல் 39 என்று கூகுளே கணக்குச் சொன்னது.

ஆப்களும் வந்துவிட்டன. எஃப்எல் ஸ்டுடியோ மொபைல் இருக்கிறது. பேண்ட்லேப் இலவசம். ஐபேடில் மட்டும் இருந்த கியூபேசிஸ் 2020ல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. சத்தங்களை வெட்டி பேடில் (திரையில் தட்டுகிற கட்டம்) வைத்து அடிக்க கோலா சாம்ப்ளர். நீங்கள் சொல்கிற பம்பை வேலைக்கு அதுவே போதும்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். 39 என்பது சராசரி. உங்கள் கைக்கு வருகிற மாடல் அதற்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று பெட்டியில் எழுதியிருக்காது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்கு நடுவிலேயே பெரிய வித்தியாசம் இருக்கும். ஓபோ டெஸ்டர் என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது. அதைப் போட்டு அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சும்மா பிராண்டு பெயரை நம்பாதீர்கள்.

ஹெட்போன் ஓட்டை இல்லாத போன் என்றால் யூஎஸ்பி-சி கன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும். அதில் இரண்டு ஜாதி. சிலதில் உள்ளேயே சத்தத்தை மாற்றுகிற சிப் இருக்கும். சிலது வெறும் கம்பி. போன் தானே அந்த வழியாகச் சத்தத்தை அனுப்பினால்தான் அது வேலை செய்யும். விலை குறைவு என்று வெறும் கம்பியை வாங்கி, சத்தமே வரவில்லை என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய. சிப் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஹாஸ்டல் பீட் (காட்பாடி)

ஓபோ டெஸ்டர் ஆண்ட்ராய்டுக்கு மட்டும்தான். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்க ஒரு வழி சொல்கிறேன். எங்கள் ஹாஸ்டலில் யார் போன் வாங்கினாலும் இப்படித்தான் பார்ப்போம்.

வாங்கப் போகிற கருவியில் ஏதாவது ட்ரம் ஆப்பைத் திறந்து சவுண்டை ஏற்றுங்கள். உங்கள் பழைய போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, அதன் மைக் புதுக் கருவியின் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இருக்கும்படி வையுங்கள். இப்போது திரையில் ட்ரம் பேடைத் தட்டுங்கள். வெறும் நகத்தால் தட்டினால் திரைக்குத் தெரியாது. நகமும் சதையும் ஒன்றாகப் படும்படி விரலைக் கொஞ்சம் நிமிர்த்திப் பிடித்துத் தட்ட வேண்டும். நகம் கண்ணாடியில் படுகிற "டிக்" ஒன்று, ட்ரம்மின் "டும்" ஒன்று, இரண்டும் ரெக்கார்டிங்கில் விழும். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் மெல்லிய முள் மாதிரி ஒரு கோடு, அதை அடுத்து ட்ரம்மின் பெரிய அலை. இரண்டின் ஆரம்பத்துக்கும் நடுவில் எத்தனை மில்லிசெகண்டு என்று அதிலேயே காட்டும்.

ஒரு தட்டோடு விடாதீர்கள். விடாமல் தட்டி, ஒவ்வொன்றிலும் இடைவெளி ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாத் தட்டிலும் 40 என்றால் கை அதற்குப் பழகும். ஒரு தட்டில் 30, அடுத்ததில் 65, பிறகு 40 என்று அலைந்தால் யாராலும் அதில் தாளம் பிடிக்க முடியாது. சராசரி நன்றாக இருந்தும் வாசிக்க ஒத்துவராத கருவிகளில் பெரும்பாலும் இந்த அலைச்சல்தான் காரணம்.

ஆம்பூர் பேட்டர்ன்

நான் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறவன். கிடார் வாசிப்பேன். டிசைன் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

நாங்கள் ஒரு ஷூவை மேஜையில் வைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொல்ல மாட்டோம். காலில் போட்டு நடக்கச் சொல்லி, எங்கே மடிகிறது, எங்கே கடிக்கிறது என்று பார்ப்போம். கருவியையும் அப்படி, வேலை செய்கிற நிலையில் வைத்துப் பாருங்கள். கடைக்காரர் கையில் கொடுக்கிற நிலை போன் பேசுகிற நிலை. நீங்கள் வாசிக்கப் போவது படுக்கையாக வைத்து, இரண்டு கையாலும், இயர்போன் மாட்டி, பக்கத்தில் சார்ஜர் வயரும் ஓடும்போது. அந்த நிலையில் கருவி என்ன செய்கிறது?

நீங்கள் சொன்ன வகைப் போனை மேஜையில் மல்லாத்தி வைத்து ஒரு மூலையில் விரலால் தட்டிப் பாருங்கள். பின்பக்கம் கேமரா மேடு துருத்திக்கொண்டிருப்பதால் ஆடும். ட்ரம் பேட் அடிக்கும்போது ஒவ்வொரு தட்டுக்கும் திரை ஒரு பக்கம் சாய்ந்து எழும். வேகமாக அடிக்க அடிக்க விரல் குறி தவறும். கண்ணாடிப் பின்பக்கம் வழவழப்பாக இருந்தால் மெல்ல நகர்ந்தும் போகும். கவர் போட்டால் சரியாகும்தான். கவர் போட்ட பிறகுதான் உபயோகிக்க முடிகிற ஒன்றை நல்ல டிசைன் என்று நான் சொல்ல மாட்டேன்.

வளைந்த ஓரம் பார்க்க நன்றாக இருக்கும். கீபோர்டு ஆப்பைத் திறந்தால் கடைசிக் கட்டைகள் இரண்டும் அந்த வளைவில் போய் விழும். அங்கே விரல் வைத்தால் சிலசமயம் எடுக்காது. பிடித்திருக்கிற கையின் உள்ளங்கை பட்டாலோ, நாம் வாசிக்காத சுரம் ஒலிக்கும். தட்டையான திரை, சுற்றிலும் விரல் வைக்க ஓரம் என்று இருப்பது பழைய பாணி என்கிறார்கள். வாசிக்கிறவனுக்கு அந்த ஓரம் வேண்டும்.

ஐபேட் 9லும் குறை இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. அதன் ஸ்பீக்கர் இரண்டும் ஒரே ஓரத்தில், சார்ஜர் ஓட்டைக்கு இரண்டு பக்கமும் இருக்கின்றன. படுக்கையாகப் பிடித்தால் எல்லாச் சத்தமும் ஒரு பக்கத்திலிருந்தே வரும். உள்ளங்கை அதையும் மூடிவிடும். 10ஆம் தலைமுறையில் இதைத் திருத்தி, படுக்கையாக வைத்தால் இடமும் வலமும் ஒவ்வொன்று வருகிற மாதிரி செய்தார்கள். ஆனால் அதே மாடலில்தான் ஹெட்போன் ஓட்டை போனது. ஒன்றைச் சரி செய்து ஒன்றைக் கெடுத்த கதை. 9ல் ஹெட்போன் ஓட்டை ஒரு முனையில், சார்ஜர் எதிர்முனையில். இரண்டு வயரும் மாட்டியிருந்தாலும் ஒன்றோடு ஒன்று சிக்காது, நடுவில் கை வைக்க முழு இடமும் கிடைக்கும். இரவெல்லாம் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு இந்த ஒரு விஷயம் எவ்வளவு பெரியது என்று உட்கார்ந்தால்தான் தெரியும்.

வெயிலூர் சர்வீஸ் (வேலூர்)

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மொபைல் சர்வீஸ் பார்க்கிறேன். யாரும் இன்னும் சூட்டைப் பற்றிப் பேசவில்லை. நம் மாவட்டத்தில் அதைப் பேசாமல் எந்தக் கருவியையும் எடை போட முடியாது.

ஆப்பிள் தன் ஐபோன், ஐபேடுகளை 0 முதல் 35 டிகிரி வரை உள்ள இடத்தில் உபயோகிக்கச் சொல்கிறது. வேலூரில் மே மாதம் 40ஐத் தாண்டுவது சாதாரணம். இரவு மொட்டை மாடித் தளமே சூடாக இருக்கும். கருவி சூடேறினால் உள்ளே இருக்கிற பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். வாட்ஸ்அப் பார்த்தால் அது தெரியாது. மேலே அண்ணன் சொன்னாரே, 5.3 மில்லிசெகண்டுக்கு ஒரு கட்டு தயாராக வேண்டும் என்று? வேகம் குறைந்தால் ஒரு கட்டு நேரத்துக்குத் தயாராகாது. அந்த இடத்தில் சத்தம் அறுந்து "சட் சட்" என்று கேட்கும். உடனே ஸ்பீக்கர் போய்விட்டது என்று எங்களிடம் கொண்டுவருவார்கள். ஸ்பீக்கரில் ஒன்றும் இருக்காது.

அப்படி ஆனால் ஆப்பில் பஃபர் அளவை, அதாவது அந்தக் கட்டின் அளவை 256லிருந்து 512க்கு ஏற்றலாம், வெடிப்பு நிற்கும், ஆனால் தாமதம் கூடும். இல்லை, முடித்த டிராக்குகளை ஒலியாக உறைய வைத்துவிட்டால் பிராசஸருக்குச் சுமை குறையும். இரண்டாவது வழிதான் நல்லது.

இதனால்தான் ஏசி கடையில் பத்து நிமிடம் தட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன். அதே மாடல் வைத்திருக்கிற நண்பரிடம் வாங்கி, மதியம் வீட்டுக்குள் ஃபேன் காற்றில், சார்ஜ் போட்டபடி, ஏழெட்டு டிராக் ஓடவிட்டுப் பாருங்கள். மெல்லிய போன் என்று பெருமையாகச் சொல்வார்கள். மெலிதாக இருந்தால் சூடு பரவ இடம் கம்மி. டேப்லெட்டின் அலுமினிய உடம்பு அகலமானது, சூட்டை இழுத்து விரித்துவிடும். சார்ஜ் ஏறும்போது வாசிக்காமல் இருப்பது எல்லாக் கருவிக்குமே நல்லது.

ரிப்பேர் விஷயம். ஐபேட் 9ல் மேல் கண்ணாடியும் உள்ளே இருக்கிற டிஸ்ப்ளேயும் தனித்தனி. நடுவில் சின்ன இடைவெளி இருப்பதால் தட்டினால் கொஞ்சம் பொள்ளலாகக் கேட்கும், அது பிடிக்காதவர்கள் உண்டு. ஆனால் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்றலாம். வளைந்த திரைப் போனில் எல்லாம் ஒட்டி ஒன்றாக வரும்; ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தாலும் முழு டிஸ்ப்ளேக்குத்தான் காசு. மாற்ற முடிவதையும் நான் டிசைனில்தான் சேர்ப்பேன்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால், விற்கிறவர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து உங்கள் கண்முன்னால் வெளியேற வேண்டும். பூட்டு விழுந்த ஐபேடை நீங்களோ எங்களைப் போன்ற சர்வீஸ் கடையோ திறக்க முடியாது. பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று 9ன் செட்டிங்ஸில் காட்டாது. வெளிச்சத்தை முழுதாக வைத்து அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு எத்தனை சதவீதம் இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் ஓட்டையில் இயர்போனைச் செருகி மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். கரகர என்றால் வேண்டாம்.

தறிப்பாட்டு (குடியாத்தம்)

இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் தெருவில் பகலெல்லாம் தறிச் சத்தம், அதனால் பதிவு எப்படி வரும் என்று பயமாக இருக்கிறது. அப்புறம், அம்மன் பாட்டு மெட்டுகளில் சுரம் வளைந்து வளைந்து போகும். கண்ணாடியில் வரைந்த கீபோர்டில் அது வருமா?

சுருதிப்பெட்டி (சத்துவாச்சாரி)

தம்பி, வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்வி எனக்கு ரொம்ப முக்கியமானது.

வளையும். ஆனால் அதற்கு இடம் வேண்டும். கேரேஜ்பேண்ட் கீபோர்டில் விரலை இழுத்தால் என்ன ஆக வேண்டும் என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். பிட்ச் என்று வைத்தால், கட்டையில் விரலை வைத்து இழுக்க இழுக்க சுரம் வளையும். அதே ஆப்பில் கட்டைகளை ஒரு ஸ்கேலுக்கு (சுர வரிசைக்கு) மட்டும் ஒதுக்குகிற வசதியும் உண்டு. மேஜர் பென்டடோனிக் வைத்தால் மோகனத்தின் சுரங்கள் மட்டும் நிற்கும். மிக்ஸோலிடியன் ஹரிகாம்போதி. டோரியன் கரகரப்பிரியா. ஹார்மோனிக் மைனர் கீரவாணி. தப்புச் சுரத்தில் கை படுகிற பயம் போய்விடும். சுரம் இருந்துவிட்டால் ராகம் வந்துவிடாது, கமகம் (சுரத்தை வளைத்து அசைப்பது) உங்கள் விரலில்தான் வர வேண்டும். போனின் ஆறு அங்குலத் திரையில் ஒரு கட்டையின் அகலம் விரல் நுனியைவிடச் சின்னது. அதற்குள் இழுத்து நிறுத்தி ஆட்டுவது கஷ்டம். பத்து அங்குலத் திரையில் முடியும்.

இன்னும் ஆழமாகப் போக நினைத்தால் ஐபேடில் ஜியோஷ்ரெட் என்று ஒன்று இருக்கிறது. கட்டைகளுக்குப் பதிலாக வீணைத் தந்திகள் மாதிரி வரிசைகள். விரலை நகர்த்தினால் சுரம் வழுக்கிக்கொண்டு போகும். மகேஷ் ராகவன் அதை வைத்துக் கர்நாடக ராகங்களை வாசிப்பதைக் கேளுங்கள். கண்ணாடியில் கமகம் வருமா என்கிற சந்தேகம் தீர்ந்துவிடும். என்னிடம் பாட்டு படிக்கிற பிள்ளைகளுக்கு அதைக் காட்டிய பிறகுதான் டேப்லெட்டை விளையாட்டுச் சாமான் என்று சொல்வதை அவர்கள் வீட்டில் நிறுத்தினார்கள்.

அழுத்தி அடித்தால் பெரிய சத்தம், மெல்லத் தொட்டால் சின்னச் சத்தம் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். திரைக்கு அழுத்தம் தெரியாது. ஐபேடின் உள்ளே அசைவை அறியும் உணரி ஒன்று இருக்கிறது. கேரேஜ்பேண்ட் தட்டின் அதிர்வை அதன்மூலம் உணர்ந்து சத்தத்தைக் கூட்டும் குறைக்கும். உணரியும் ஆப்பும் பேசிவைத்த மாதிரி வேலை செய்கின்றன பாருங்கள், எனக்கு அதுதான் உயர்ந்த வேலைப்பாடு.

சுருதி வைக்கும்போது கட்டைக் கணக்கு (இது கீபோர்டுக் கட்டை இல்லை, சுருதியின் உயரம்): 1 கட்டை என்றால் சி, 2 டி, 4 எஃப், 5 ஜி. தம்புரா ஆப்பை 5 கட்டையில் வைத்துவிட்டுப் பாட்டை சியில் போட்டால் ஒட்டாது. ஆரம்பத்திலேயே பாட்டின் கீயை (அடிப்படைச் சுரத்தை) உங்கள் சுருதிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

தறிச் சத்தத்துக்கு: பாடுவதைத் தறி நின்ற பிறகு பதிவு செய்வதுதான் வழி. போன் மைக்கைப் பேச்சுக்காகவே பழக்கியிருக்கிறார்கள். சுற்றுச் சத்தத்தை அடக்குகிறேன் என்று அது உங்கள் குரலின் வாலையும் வெட்டிவிடும். சில ஆண்ட்ராய்டு போன்களில் கலப்பில்லாத மைக் ஒலியை எடுக்க முடியும். ஆப்பிலும் அந்த வசதி இருக்க வேண்டும்.

ஹாஸ்டல் பீட் (காட்பாடி)

பம்பை லூப் (திரும்பத் திரும்ப ஓடுகிற ஒலித் துண்டு) மட்டும் போதும் என்றால் மூன்றாவது வழியும் இருக்கிறது. போனும் இல்லை, டேப்லெட்டும் இல்லை. ஸ்வீடனின் டீனேஜ் இன்ஜினியரிங் செய்கிற பாக்கெட் ஆபரேட்டர் வரிசையில் பிஓ-33 என்ற சாம்ப்ளர். கால்குலேட்டர் அளவு. இரண்டு ஏஏஏ பேட்டரியில் ஓடும், மைக் உள்ளேயே இருக்கிறது, ஹெட்போன் ஓட்டையும் உண்டு. மொத்தம் 40 நொடி சத்தத்தைத்தான் வைத்துக்கொள்ளும். உடம்பே கிடையாது, பச்சையாக சர்க்யூட் போர்டு. நிஜமான பட்டன், அழுத்தினால் அந்தக் கணமே சத்தம். நடுவில் நோட்டிஃபிகேஷனும் வராது.

ஆம்பூர் பேட்டர்ன்

அதை நானும் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மூடி இல்லாத போர்டு என்றதும் மட்டமாக நினைக்கத் தோன்றும். ஆனால் பட்டன் எவ்வளவு தூரம் இறங்க வேண்டும், எந்த இடத்தில் கட்டைவிரல் விழும் என்று யோசித்திருக்கிறார்கள். வெளிப் பூச்சுக்குச் செலவு செய்யாமல் விரல் படுகிற இடத்துக்குச் செலவு செய்திருக்கிறார்கள். ஆனால் தம்பிக்கு மெலடியும் வேண்டும், குரலும் வேண்டும். 40 நொடி போதாது.

ஆற்காட்டுக்காரன்

ஐபேட் பக்கமே எல்லோரும் போவதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேரேஜ்பேண்டில் போட்ட பாட்டை ஆண்ட்ராய்டில் திறக்க முடியாது. நாளைக்குக் கருவி மாறினால் அந்த ப்ராஜெக்ட் அங்கேயே நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் டிராக் டிராக்காக வேவ் ஃபைலாக வெளியே எடுத்து வையுங்கள்.

அந்த ஐபேடில் மெமரி கார்டு போட இடமில்லை. 64 ஜிபி மாடல் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பி. 8 டிராக், 4 நிமிடப் பாட்டு என்றால் 275 எம்பி. ஒரு பாட்டுக்கு அது ஒன்றுமில்லை. எடுத்த டேக் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே போனால் நிறைந்துவிடும். ஆண்ட்ராய்டில் கார்டு போடுகிற டேப்லெட் உண்டு, ஃபைலை எடுத்து வைப்பதும் சுலபம். கேலக்ஸி டேப் ஏ9ல் ஹெட்போன் ஓட்டையும் இருக்கிறது. தாமதத்தை மட்டும் அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள், அதுவும் தப்பான தேர்வு இல்லை.

தறிப்பாட்டு (குடியாத்தம்)

நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் எழுதி எடுத்துக்கொண்டு வேலூர் போய் வந்தேன். அந்த வளைந்த திரைப் போனை மேஜையில் வைத்துத் தட்டினேன், ஆம்பூர் அண்ணன் சொன்ன மாதிரியே ஆடியது. நகத் தட்டு ரெக்கார்டிங்கை வீட்டில் தங்கை கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம். போனில் இடைவெளி 60ஐ ஒட்டியும், சில தட்டில் 90க்கு மேலும் போயிருந்தது. ஐபேடில் ஏறக்குறைய எல்லாத் தட்டும் ஒரே இடத்தில் நின்றன, போனில் வந்ததில் பாதியைவிடக் குறைவு. என் பட்ஜெட்டுக்குள்ளேயே 256 ஜிபி ஐபேட் 9 கிடைத்தது, பூட்டு எல்லாம் பார்த்து வாங்கிவிட்டேன். ஹெட்போன் ஓட்டை சுத்தமாக இருக்கிறது. இழுத்து வாசிக்கிற பிட்ச் வசதியில் நேற்று இரவு அம்மன் தாலாட்டு மெட்டு ஒன்று ஓரளவுக்கு வந்தது, சந்தோஷமாக இருக்கிறது.

இப்போது பம்பையைப் பதிவு செய்ய வேண்டும். சித்தப்பா அடிக்கச் சம்மதித்துவிட்டார். ஐபேட் மைக்கே போதுமா? எவ்வளவு தூரத்தில் வைப்பது?

காட்பாடி கீபோர்டு

நல்ல தேர்வு தம்பி. ஆரம்பத்துக்கு அந்த மைக்கே போதும். பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள், பம்பையின் அடி மைக்கையே திணறடிக்கும், அலையின் தலை தட்டையாகிவிடும். அப்படி ஆனதைப் பிறகு எந்த ஆப்பாலும் சரி செய்ய முடியாது. திறந்த இடத்தில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும். 2 மீட்டரில் ஆரம்பித்து, சித்தப்பாவை முழு வேகத்தில் அடிக்கச் சொல்லி, ஆப்பில் சத்த அளவு காட்டுகிற மீட்டரைப் பாருங்கள். சிவப்பு தொட்டால் 4 மீட்டருக்குத் தள்ளுங்கள். உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நின்றால் போதும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சுவர் ஓரமாக வைக்காமல் திறந்த இடத்தில், காற்று நேராக மைக்கில் அடிக்காத பக்கம் பார்த்து வையுங்கள்.

சுருதிப்பெட்டி (சத்துவாச்சாரி)

மரப் பம்பையையும் உலோகப் பம்பையையும் சேர்த்து அடிப்பதை ஒரு முறையும், தனித்தனியாக ஒவ்வொன்றையும் இன்னொரு முறையும் எடுத்து வையுங்கள் தம்பி. சிலம்பைத் தனியாக எடுங்கள், அது மெல்லிய சத்தம், பம்பையோடு சேர்ந்தால் அமுங்கிவிடும். கேரேஜ்பேண்டில் மெட்ரோனோமை (தாளம் தவறாமல் தட்டிக் காட்டுகிற சத்தம்) இயர்போனில் மட்டும் சித்தப்பாவுக்குக் கேட்கவிடலாம். அது பிடிக்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். அவர் நடையில் அடிக்கட்டும், பாட்டின் டெம்போவை (வேகத்தை) நீங்கள் அவருக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

தறிப்பாட்டு (குடியாத்தம்)

சரி அக்கா. மெட்ரோனோம் இல்லாமலே அடிக்கச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது, அன்றைக்கு எடுத்துவிட்டு ஃபைலை இங்கேயே போடுகிறேன். அலையின் தலை தட்டையாகி இருந்தால் சொல்லுங்கள், மறுபடி எடுக்கிறேன்.